எழுபத்துநான்கு சென்டிமீட்டர் சமையல் மேடை

1

திருப்பூரில் என் சித்தி மகன் ரமேஷ் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தான். "அக்கா, சிங்கப்பூர் ஸ்டைல்ல நல்ல கிச்சன் போட்டோ ஒரு அஞ்சு அனுப்பு. லைட்டு, கலரு எல்லாம் தெரியுற மாதிரி."

ஊரில் பலருக்கு என் வேலை என்னவென்று இன்னும் பிடிபடவில்லை. "இன்டீரியர் டிசைன்" என்று சொன்னால், "ஓ, இந்த ஸ்க்ரீன் துணியெல்லாம் செலக்ட் பண்ணிக் குடுப்பீங்களே" என்கிறார்கள். ஒரு பெரியப்பா, "சோஃபா கடையா வெச்சிருக்க?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. திரைச்சீலையும் தேர்வு செய்து கொடுக்கிறேன், சோஃபாவும் வாங்கிப் போடுகிறேன். ஆனால் அது மட்டும் இல்லை.

ரமேஷின் செய்தி வந்த அன்று நாங்கள் சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம் முடிந்திருந்தது. என் கணவர் கண்ணன் ஜூரோங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் நேராக லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிட்டார். நானும் மகள் அனன்யாவும் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ரயில் பிடித்துப் போனோம். மூன்று பேரும் தோசை சாப்பிட்டோம். ரமேஷ் கேட்ட போட்டோக்களுக்காகக் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், ஒரு பல் மருத்துவமனை, இரண்டு முடிதிருத்தும் நிலையங்கள் என்று வரைந்திருக்கிறேன். எல்லாம் பளபளவென்றுதான் இருக்கின்றன.

கடைசியில் அவனுக்கு ஒரே ஒரு படம் அனுப்பினேன். வெள்ளை மேடை, கீழே காலியான இடம், நான்கு இழுப்பறைகள். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. "என்னக்கா, கீழ கபோர்டு வைக்க மறந்துட்டாங்களா?" என்று பதில் வந்தது.

மறக்கவில்லை தம்பி. அந்தக் காலி இடத்தைக் கொண்டுவருவதற்கு நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடு கட்டுகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

2

முதல் இரண்டு வருஷம் நான் இங்கே வேலைக்குப் போகவில்லை. கணவரைச் சார்ந்தவள் என்ற அனுமதி அட்டைதான் என்னிடம் இருந்தது. கோயம்புத்தூரில் படித்த டிப்ளமோ பெட்டிக்குள் கிடந்தது. அப்புறம் ஒரு சிறிய உள் அலங்கார நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவளாகச் சேர்ந்தேன். முதலாளி சீனர், நேர்மையானவர், வேகமானவர், கோபக்காரர். எல்லோரும் அவரை பாஸ் என்றே கூப்பிடுவோம்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் நான் ஒரு கூத்து பண்ணினேன். ஒரு வாடிக்கையாளர் அம்மாவிடம், "உங்கள் சமையலறையில் ஒரு லாஃப்ட் போட்டுத் தருகிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். நம் ஊரில் லாஃப்ட் என்றால் பரண். பழைய பாத்திரம், தீபாவளிப் பலகாரச் சட்டி எல்லாம் ஏற்றி வைக்கிற இடம். இங்கே லாஃப்ட் என்றால் உயரமான வீட்டுக்குள் கட்டுகிற இன்னொரு தளம், படி ஏறிப் போய்ப் படுத்துத் தூங்கலாம். அந்த அம்மா பூரித்துப் போய், "நிஜமாகவா? என் மகனுக்குத் தனி அறை கிடைக்குமா?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்து வரைபடத்தில் பரணைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்றைக்கு பாஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுமதி, உன் கை நல்ல கை. வாய் வேண்டாம். நீ வரை, பேசுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அப்படியே ஐந்து வருஷம் போயிற்று. நான் வரைந்ததை வேறு யாரோ கொண்டுபோய்க் காட்டினார்கள், வேறு யாரோ பாராட்டு வாங்கினார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அனன்யா தொடக்கப்பள்ளியில் இருந்தபோது ஒருநாள் பெற்றோர் சந்திப்புக்குக் கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்து, "அம்மா, அப்பா போகட்டும். யூ டோன்ட் டாக் டு மை டீச்சர், ப்ளீஸ் லா" என்றாள் இந்த ஊர் இங்கிலீஷில். திட்டவில்லை, கெஞ்சினாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன்.

3

மாலதி அக்கா என் வாழ்க்கைக்குள் வந்தது நான்கு வருஷம் முன்பு.

முதலில் வந்தது அவர் கணவர் சேகர் அண்ணன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பஸ் ஓட்டுநர். ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார். மனைவிக்கு முதுகுத்தண்டில் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது, உயிர் பிழைத்துவிட்டார், கால்கள் இரண்டுக்கும் உணர்வு திரும்பவில்லை. இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. குளியலறையில் கைப்பிடி வேண்டும், படுக்கையறைக் கதவை அகலமாக்க வேண்டும் என்றார். தமிழும் இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசினார். அன்றைக்கு மூத்த டிசைனர் விடுப்பில் இருந்ததால், "நீ போய் மொழிபெயர், அளவெடுத்துக்கொண்டு வா" என்று பாஸ் என்னை அனுப்பினார். மொழிபெயர்க்க. அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

வீடு புக்கிட் பாஞ்சாங்கில், ஒன்பதாவது மாடி. மாலதி அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணில் கூர்மை. நோய் வருவதற்கு முன்பு வீட்டிலிருந்தே சமைத்து ஆர்டர் கொடுத்தவர். பிறந்தநாள், வளைகாப்பு என்றால் அந்த வட்டாரத்தில் அவர் பிரியாணிதான்.

நான் குளியலறையை அளந்தேன், படுக்கையறையை அளந்தேன். வழக்கமாக எல்லா அறைகளையும் அளப்போம் என்பதால் சமையலறைப் பக்கம் திரும்பினேன். சேகர் அண்ணன் தடுத்தார்.

"கிச்சன் வேணாம்மா. அங்க வேலைக்கு ஒரு பொண்ணு இருக்கு, அது சமைக்குது. இவ அங்க போறதில்ல."

அந்த நேரம் அவருக்குக் கைப்பேசி அழைப்பு வர, பேசிக்கொண்டே வெளி நடைபாதைக்குப் போனார். மாலதி அக்கா என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"போறதில்லன்னு சொல்றாரு. போக முடியாதுன்னு சொல்லணும். கதவைப் பாரும்மா."

பார்த்தேன். பழைய வீடு. சமையலறை வாசலில் சட்டம் போக மிச்சம் அறுபத்தைந்து சென்டிமீட்டர். அவர் நாற்காலி அறுபத்தேழு. அதற்கு அப்புறம் ஒரு சின்னப் படி இறங்க வேண்டும். உள்ளே மேடை எண்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம், கீழே முழுக்க அலமாரி.

"ரெண்டு வருஷமா என் கிச்சனை நான் எட்டித்தான் பார்க்குறேன். அந்தப் பொண்ணு பாவம், நல்லாத்தான் செய்யுது. நான் ஹால்ல உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் போடு, அடுப்பைக் குறைன்னு கத்திக்கிட்டிருக்கேன். கடுகு தீயுற வாசம் எனக்குத்தான் மொதல்ல வருது. எந்திரிச்சுப் போக முடியலயே." அப்புறம், "பாத்ரூம் கம்பி நீங்க எப்படி வேணா போடுங்க. எனக்கு வேண்டியது அது இல்ல" என்றார்.

மொழிபெயர்க்க வந்தவளுக்கு அன்றைக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் மூலை மூலையாக அளந்துவிட்டு வந்தேன்.

4

ரயிலில் திரும்பும்போது பத்மா அத்தை நினைவுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவள்.

திருப்பூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சமையல் எல்லாம் தரையில்தான். ஸ்டவ் தரையில், அரிவாள்மனை தரையில், குடம் கைக்கெட்டும் தூரத்தில். அத்தை நடுவில் உட்கார்ந்தால் அரை வட்டமாகத் திரும்பியே ஒன்பது பேருக்குச் சமைத்துவிடுவாள். அந்த அறைக்குள் அவளுக்குக் கால் சரியில்லை என்பது யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அப்பா சொந்த வீடு கட்டினார். கறுப்பு கிரானைட் போட்டு, நின்றுகொண்டு சமைக்கிற மேடை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பால் காய்ச்சிய அன்று அத்தை வாசலில் நின்று அந்த மேடையைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. அவளால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. "இனிமே நீ ரெஸ்ட் எடு" என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒரு நாளும் அடுப்பைத் தொடவில்லை.

யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு மேடையின் உயரத்தை முடிவு செய்யும்போது அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் நான் படித்த டிப்ளமோவிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எண்பத்தைந்து என்பது ஏதோ கடவுள் எழுதிக் கொடுத்த எண் போலத்தான் நாங்களும் மனப்பாடம் பண்ணினோம்.

5

வீட்டுக்கு வந்ததும் அனன்யாவின் சுழல் நாற்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டேன். அந்த வாரம் முழுக்க அதில் உட்கார்ந்தபடியேதான் சமைத்தேன். கண்ணன் முதல் நாள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதென்று நினைத்தார்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. அடுப்பு தோளுக்கு நேராக வருகிறது, சட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. முழங்கால் அலமாரியில் இடிக்கிறது, அதனால் பக்கவாட்டில் திரும்பித்தான் கரண்டி பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கி அடுப்புக்குக் கொண்டுபோவது. நிற்பவருக்கு அது இரண்டு எட்டு. உட்கார்ந்தவருக்கு மடியில் கொதிநீர்.

மூன்றாம் நாள் அனன்யா வேடிக்கை பார்க்க வந்தாள். "என்னம்மா பண்ற? இது ஒரு கேமா?" என்றாள். சொன்னேன். உடனே தானும் உட்கார்ந்து பார்த்தாள். மேல் அலமாரிக்குக் கையை நீட்டினாள், எட்டவில்லை. "திஸ் இஸ் ஸோ அன்ஃபேர். எல்லாமே நிக்கிறவங்களுக்கா?" என்று கோபமாகக் கேட்டாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்புறம் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் என்னோடு தரையில் கிடந்தாள்.

வரைபடம் இப்படி வந்தது. மேடை எழுபத்துநான்கு சென்டிமீட்டர். கீழே அலமாரி இல்லை, முழங்கால் போக இடம். தொட்டி ஆழமில்லாதது, வடிகுழாய் பின்பக்கம், காலில் படாது. தொட்டியும் அடுப்பும் ஒரே மட்டத்தில், நடுவில் இடைவெளி கிடையாது. பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம், தள்ளினால் போதும். குழாயில் நீளும் ஹோஸ், அடுப்பில் இருக்கிற அண்டாவுக்கே தண்ணீர் எட்டும். கதவு போட்ட அலமாரிகளுக்குப் பதிலாக இழுப்பறைகள். குனியவோ எக்கவோ வேண்டாம்.

பாஸ் பார்த்தார். "குளியலறைக் கைப்பிடி கேட்டவருக்கு ஏன் சமையலறை வரைந்திருக்கிறாய்?"

சொன்னேன்.

"கணவர் வேண்டாம் என்கிறார். உயரம் எதுவும் வழக்கமான அளவில் இல்லை. நாளைக்கு அந்த அம்மாவுக்குத் தீக்காயம் பட்டால் யார் பதில் சொல்வது?"

அடுத்த மூன்று மாதத்துக்குள் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க அவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்கான தாள்கள் அவர் மேசையிலேயே கிடந்தன. வாயை மூடிக்கொண்டு வெளியே வருவது எனக்குப் பழக்கமான வேலை. ஆனாலும் அன்று வரவில்லை. பத்மா அத்தையைப் பற்றிச் சொன்னேன். இலக்கணம் என்று ஒன்று இருக்கிறதே, அதை வாசலிலேயே விட்டுவிட்டேன். "பாஸ், மை ஆன்ட்டி லெக் நோ குட், குக்கிங் வெரி குட். நியூ கிச்சன் கம், குக்கிங் ஃபினிஷ். எவ்ரிபடி ஸே கிச்சன் நைஸ். கிச்சன் ஓகே, ஆன்ட்டி நாட் ஓகே."

 அவர் வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீயே போய்ப் பேசு. வரைபடத்தில் உன் பெயரைப் போடு. அவர்கள் சரி என்றால் செய்வோம்."

6

அவர்கள் சரி என்று சொல்லிவிடவில்லை. சேகர் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மொத மாசம் இவ எட்டி அடுப்பை அணைக்கப் போயி கையைச் சுட்டுக்கிட்டா. தோல் உரிஞ்சு தொங்குச்சு. நீங்களா பார்த்தீங்க?"

"அது எட்டாததால வந்தது அண்ணே. எட்டுற மாதிரி…"

"வேணாம்மா. என்னால இன்னொரு தடவ அதைப் பார்க்க முடியாது."

 பயம்தான் அது, பிடிவாதம் இல்லை. மாலதி அக்கா நாற்காலியை அவர் பக்கம் உருட்டிக்கொண்டு போனார்.

"என்னைக் காப்பாத்தணும்னு நீங்க நெனைக்கிறது எனக்குத் தெரியாதா? அதுக்காக ரெண்டு வருஷமா என்னை ஹால்லயே நிறுத்தி வெச்சுட்டீங்க. காலு போனதுக்கு நான் ஒரு மாசம்தான் அழுதேன். கிச்சன் போனதுக்கு இன்னும் அழுதுக்கிட்டிருக்கேன். நீங்க டியூட்டிக்குப் போனப்புறம் அழறதால உங்களுக்குத் தெரியல."

சேகர் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நெருப்பு இல்லாம செய்ய முடியுமா?" என்றார்.

தீயில்லாமல் மின்சாரத்தில் சூடாகிற இண்டக்ஷன் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். இப்போது மறுத்தது மாலதி அக்கா. "தீயைக் கண்ணால பார்க்கணும் சுமதி. அது இல்லாம என்ன சமையல்?" மறுநாள் எங்கள் வீட்டிலிருந்த ஒற்றை இண்டக்ஷன் அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய், அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினேன். கடுகைப் போட்டார். காத்திருந்தார். படபடவென்று வெடித்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் கையால் போட்ட கடுகு.

"வெடிக்குதுல்ல, போதும்" என்றார்.

அடுத்தது வாசல். அரசுக் குடியிருப்பில் சுவரைத் தொடுவதற்கு அனுமதி வேண்டும். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, எந்தச் சுவர் என்று நான் சரியாகக் குறிக்கவில்லை. இரண்டாவதும் திரும்பியது, நான் இடிக்கக் கேட்ட பகுதியில் பாதி கட்டடத்தைத் தாங்குகிற சுவராம். அலுவலகத்தில் யாராவது பேசுவார்கள் என்று காத்திராமல் நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி மலாய்க்காரப் பெண். நான் இங்கிலீஷில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினார். வரைந்தேன். அவர் மேலே ஒரு கோடு போட்டார், நான் கீழே ஒரு கோடு போட்டேன். தாங்கும் சுவரைத் தொடாமல் வாசலையே அந்தப் பக்கம் தள்ளி, தொண்ணூறு சென்டிமீட்டர் கண்டுபிடித்தோம். உள்ளே இறங்குகிற படிக்கு மேல் ஒரு சின்னச் சரிவையும் வரைந்தோம். மூன்றாவது விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது.

தச்சர் எங்களோடு இருபது வருஷமாக வேலை செய்கிற சீனப் பெரியவர். எல்லோருக்கும் அங்கிள். மேடையின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து பொருத்தினார். பார்த்ததுமே டேப்பை எடுத்தேன். அளந்தேன். எண்பத்தைந்து. என் வரைபடத்தில் எழுபத்துநான்கு என்று பெரிதாக எழுதியிருந்தது, கை மட்டும் பழக்கத்தில் எண்பத்தைந்தை வெட்டிவிட்டது.

"லேடி, எழுபத்துநான்கு யாருக்கு லா? சின்னப் பிள்ளைக்கா? நான் தப்புன்னு நினைச்சேன்" என்றார்.

மாலதி அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு புது வாசல் வழியாக வந்தார். மேடைக்கு நேராகப் போனார். விளிம்பு அவர் மார்பில் முட்டியது. அங்கிளைத் திரும்பிப் பார்த்து மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவரும் மலாயில் பதில் சொன்னார். அப்புறம் மண்டியிட்டு, தன் பென்சிலால் மாலதி அக்காவின் முழங்கை உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். மொத்தச் சட்டத்தையும் கழற்றி எடுத்துப்போய், இரண்டே நாளில் புதிதாகச் செய்துகொண்டுவந்தார். அதன் விளிம்பை மட்டும் கூர் இல்லாமல் வளைவாக இழைத்திருந்தார். நான் வரைபடத்தில் கேட்காதது அது.

"என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுல யாரு சமைக்கிறதுன்னு கேட்டேன். பொண்டாட்டின்னு சொன்னாரு. அவங்க ஒசரத்துக்குத்தானே மேடை போட்டிருப்பீங்கன்னு கேட்டேன். இல்லன்னு சொல்லி வெட்கப்பட்டாரு."

7

வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கிற நாளில் பாஸும் வந்தார். வழக்கமாக நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். மாலதி அக்கா விடவில்லை. "யாரும் உள்ள வரக் கூடாது. நான் கூப்பிடுற வரைக்கும் ஹால்ல உட்காருங்க" என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார், வேலை செய்கிற பெண்ணையும்கூட.

சேகர் அண்ணனால் உட்கார முடியவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? போயி டிவி பாருங்க!"

அப்படி அதட்டி எத்தனை நாளாயிற்றோ, அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இழுப்பறை திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். பாத்திரம் மேடையில் வழுக்கிப் போகிற சத்தம். வெந்தயம் பொரிகிற வாசனை. ஒரு மணிநேரத்தில் வெண்டைக்காய் போட்ட மீன் குழம்பும், சோறும், முட்டைக்கோஸ் பொரியலும் மேசைக்கு வந்தன. மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு அவரே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். புடவையில் ஒரு துளி சிந்தவில்லை. பாஸ் வியர்க்க வியர்க்க இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார். "உன் வேலை அனுமதித் தாளில் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உன் வாடிக்கையாளர்களிடம் நீயே பேசு. புரியவில்லை என்றால் அவர்கள் திருப்பிக் கேட்கட்டும்."

மூன்று மாதத்தில் மாலதி அக்காவின் பிரியாணி ஆர்டர் மறுபடி தொடங்கியது. வேலை செய்கிற பெண் இப்போது அவருக்கு உதவியாள், வெங்காயம் நறுக்குவதும் டப்பாக்களில் நிரப்புவதும் அவள் பொறுப்பு. அதற்குப் பிறகு என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிற ஆசிரியர். லிட்டில் இந்தியாவில் அழகு நிலையம் நடத்துகிற, நான்கரை அடி உயரமுள்ள ஒரு பெண். பதினைந்து வருஷமாகச் சின்ன முக்காலியில் ஏறி நின்று தலை வாரிவிட்டுக் கொண்டிருந்தவர். கண்ணாடி, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் அவர் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். "முட்டி வலி போயிடுச்சு சுமதி" என்று குரல் செய்தி அனுப்பினார். என் இங்கிலீஷ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. போன பருவத்துப் பெற்றோர் சந்திப்புக்கு அனன்யாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய், "மை மம் டிசைன்ஸ் கிச்சன்ஸ்" என்று ஆசிரியையிடம் அறிமுகப்படுத்தினாள்.

8

போன சனிக்கிழமை தஞ்சோங் பகாரில் எங்கள் நிறுவனத்தின் புதிய காட்சிக்கூடம் திறப்பு விழா. பழைய இடத்தைப் போல நான்கு மடங்கு. வடிவமைத்தவர் எங்கள் மூத்த டிசைனர். வாசலில் கறுப்புப் பளிங்கு, உள்ளே தங்க நிற விளக்குகள். அழைக்கப்பட்டவர்கள் அறுபது பேர். அத்தனை பேருக்கும் பிரியாணி மாலதி அக்கா வீட்டிலிருந்து. பாஸே நேரடியாகப் பேசி ஆர்டர் கொடுத்திருந்தார்.

விருந்தினர்கள் நடைபாதையில் கூடி நின்றார்கள். ரிப்பன் கட்டியாயிற்று. வேன் வந்து நின்றது. சேகர் அண்ணன் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கினார். மாலதி அக்கா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் இறங்கி, நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வந்து நின்றார்.

ஒரு படி. அந்த அழகான கறுப்புப் பளிங்கில், பன்னிரண்டு சென்டிமீட்டரில், ஒரே ஒரு படி.

 இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்க முன்னால் வந்தார்கள். மாலதி அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம். பரவால்ல, நான் இங்கயே இருக்கேன். சாப்பாட்டை உள்ள எடுத்துட்டுப் போங்க" என்றார் சிரித்தபடி. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பாஸ் படியைப் பார்த்தார். மூத்த டிசைனரைப் பார்த்தார். அப்புறம் அத்தனை பேர் முன்னிலையிலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுமதி, எப்படிச் செய்யலாம்?"

"ஒன்றரை மீட்டர் நீளத்தில் சரிவு வேண்டும். ஒட்டுப்பலகை இருந்தால் ஒரு மணிநேரம்" என்றேன்.

அங்கிள் விழாவுக்கென்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கைப்பட்டனைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்தார். பின்னறையில் மீந்துபோன பலகைகள் கிடந்தன. நான் நடைபாதையில் மண்டியிட்டுச் சாய்வைக் குறித்தேன், அவர் அறுத்தார். சேகர் அண்ணன் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூட்டும் டையுமாக வந்த அறுபது பேரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், நாங்கள் உள்ளே போய்க் காத்திருக்கலாமா என்று பாஸிடம் கேட்டார்.

"அவர் போகாமல் யாரும் போகக் கூடாது" என்றார் பாஸ்.

ஐம்பது நிமிஷத்தில் சரிவு தயாரானது. வண்ணம் பூசவில்லை, பளிங்குக்குப் பொருந்தவும் இல்லை. அங்கிள் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். பாஸ் கத்தரிக்கோலை மாலதி அக்காவிடம் கொடுத்தார். அவர் ரிப்பனை வெட்டினார். சேகர் அண்ணன் தள்ளிவிடப் போனார். அதற்குள் அக்காவின் கைகள் சக்கரத்தைப் பிடித்துவிட்டன. இரண்டே தள்ளு. மேலே ஏறி, வாசலைக் கடந்து, அந்தத் தங்க விளக்குகளுக்கு நடுவில் போய் நாற்காலியைச் சுழற்றி எங்களைப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் அங்கயே நிக்கிறீங்க? சாப்பாடு ஆறுது, உள்ள வாங்க!"